முகூர்த்த மெத்தையும் பத்துக் கைகளும்

அருப்புக்கோட்டை கடைவீதியில் கனகாம்பரம் பட்டு மாளிகை என்று ஒரு கடை இருந்தது. அந்தக் கடையில் யாரைக் கூப்பிட்டு எந்த வேலையைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான் வரும், எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு என்று. துணி மடிக்கிறவளும் அதைத்தான் சொல்வாள், பில் போடுகிறவனும் அதைத்தான் சொல்வான், வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துவிட்டு நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆள்கூட அதையேதான் சொல்வார். கேட்டுக் கேட்டு முதலாளி தர்மராஜுக்குக் காது புளித்துப்போயிற்று. சரி, யாருக்கு எத்தனை கை வேலை இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துத்தான் விடுவோமே என்று கோயம்புத்தூரிலிருந்து ஷர்மிளா என்கிற ஒரு மேடத்தை வரவழைத்தார். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் உட்கார்ந்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்து, இன்ன வேலை இன்னாருக்கு என்று முடிச்சுப் போட்டுக் கொடுப்பதுதான் அந்த மேடத்தின் தொழில். அதற்கென்று படித்திருக்கிறார், அதற்கென்று ஊர் ஊராகப் போகிறார், பாவம், நல்ல மாதிரியான பெண்.

அந்தக் கடையின் இரண்டாவது மாடியில் முகூர்த்த மெத்தை இருந்தது. வெள்ளை உறை போட்ட பெரிய மெத்தை. அதன்மேல் கல்யாணப் பட்டைத் தவிர வேறு எதையும் விரிக்க மாட்டார்கள். கடைக்கு லிஃப்ட் வருவதற்கு முன்னாலிருந்தே அந்த மெத்தையில் உட்கார்ந்திருந்தவள் பூரணம். கமுதியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வேன் பிடித்து வருகிற கல்யாண வீட்டார், பூரணத்தக்கா கையால எடுத்துக் குடுத்தாத்தான் எங்களுக்குத் திருப்தி என்பார்கள், அதைக் கேட்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள் மட்டும் தேர் ஓடும். அந்த மெத்தை தனக்குத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டதில் தப்பும் இல்லை. அவளுடைய புருஷன் அழகர்சாமிக்கு ஆட்டோ இருந்தது, மகனுக்கு ஓசூரில் வேலை இருந்தது, அவளுக்கு அந்த மெத்தை இருந்தது.

அதே மாடியில் கஸ்தூரி என்று ஒருத்தி இருந்தாள். சாத்தூர் கிளையை மூடியபோது இங்கே வந்து சேர்ந்தவள். அவளுக்கென்று ஓர் இடம் கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மாடி முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பாள், யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். இதில் பூரணத்துக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் வரவில்லை, ஒருநாள் மல்லாங்கிணறிலிருந்து வந்த ஓர் அம்மாள் மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, பூரணம் விரித்த சேலையைப் பார்க்காமல் அங்கே இங்கே திரும்பி, சிரிச்ச முகமா ஒரு பொண்ணு இருக்குமே, அது இன்னைக்கு வரலையா என்று கேட்டுவைத்தாள். அன்றைக்குப் பிடித்தது. கஸ்தூரி சிரித்தால் பூரணத்துக்கு வயிறு காந்தும், கஸ்தூரி சிரிக்காமல் இருந்தால் என்ன திட்டம் போடுகிறாளோ என்று அதற்கும் காந்தும்.

மேடம் முதலில் வந்து உட்கார்ந்தது பூரணத்திடம்தான்.

"நீங்க என்ன வேலை செய்றீங்க, பூரணம்மா?"

"சேலை காட்டுவேன்."

"அப்படி மொத்தமா சொன்னா எப்படி. மொதல்ல என்ன செய்வீங்க?"

"விரிப்பேன்."

"விரித்தல்," என்றார் மேடம். "அப்புறம்?"

"பொண்ணு தோள்ல போட்டுக் காட்டுவேன்."

"போர்த்திக் காட்டுதல். அப்புறம்?"

இதுதான் அந்த மேடத்தின் வழக்கம். நம் வாயிலிருந்து வருகிறதை வாங்கி, கடைசியில் ஒரு 'தல்' சேர்த்துத் திருப்பிச் சொல்வார், சொல்லிவிட்டு அப்புறம் என்பார். பூரணம் நாலு சொன்னாள்: விரிப்பது, போர்த்துவது, இது மயில்கழுத்து இது அரக்கு இது கத்தரிப்பூ என்று கலர் சொல்வது, கடைசியில் மடிப்பது. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய தேவையும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை, மெத்தையில் உட்கார்ந்திருக்கிறவள் நாலுக்கு மேல் சொன்னால் அது கௌரவக் குறைச்சல் என்றுதான் நினைத்தாள். மேடம் 'தல்' சேர்க்கச் சேர்க்கத் தோள்பட்டைக்குக் கீழே ஊறலெடுத்தது, சொறிந்துகொண்டாள். மறுநாள் காலையில் ஜாக்கெட் போடும்போது பார்த்தால் கூடுதலாக நாலு கை இருந்தது.

வலி ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு இரண்டாக, கொஞ்சம் மெலிந்த, நல்ல வழவழப்பான கைகள். விரித்தலுக்கு ஒன்று, போர்த்திக் காட்டுதலுக்கு ஒன்று, நிறம் சொல்லுதலுக்கு ஒன்று, மடித்தலுக்கு ஒன்று. அழகர்சாமி பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, ஜாக்கெட்டுக்கு என்ன செய்யப்போற என்று மட்டும் கேட்டான். அவள் பழைய ஜாக்கெட்டின் முதுகுப்பக்கத்தைக் கத்தரித்துக் கைகளை வெளியே விட்டுக்கொண்டு, முந்தானையால் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடையில் எல்லாருக்கும் முளைத்திருந்தது. பில் போடுகிறவனுக்கு மூன்று, தரை துடைக்கிற மாரியம்மாளுக்கு ஐந்து, செருப்பு டோக்கன் ஆளுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் சுண்டுவிரல் இல்லாமல். எல்லாரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் எண்ணிக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரி லிஃப்டைவிட்டு வெளியே வந்தாள், அம்மன் தேரில் வருகிற மாதிரி வந்தாள், அவளுக்கு மொத்தம் ஒன்பது கை.

நடந்தது இதுதான். மேடம் கேட்டபோது கஸ்தூரி, "நான் என்னத்த மேடம் செய்யறேன், சும்மா சுத்திக்கிட்டுக் கெடக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். மேடம் விடாமல் அப்புறம் அப்புறம் என்று கேட்கவும், தண்ணி குடுப்பேன், கைப்பிள்ளைய வாங்கி வச்சுக்கிடுவேன், வயசானவுகளுக்கு நாற்காலி போடுவேன், ஃபேனை அவுக பக்கம் திருப்புவேன், ஜாக்கெட் பிட்டு சேருதான்னு பாப்பேன், மஞ்சக்கறை பட்டா பவுடர் போட்டு எடுப்பேன், லிஃப்டுக்குப் பயப்படுறவுகளைக் கையப் பிடிச்சு மாடியேத்துவேன் என்று ஒவ்வொன்றாக உதிர்ந்திருக்கிறது. நீர் வழங்குதல், குழந்தை ஏந்துதல், இருக்கை இடுதல் என்று மேடம் ஏழு 'தல்' போட்டுவிட்டார். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஆறு கை, சும்மா சுற்றிக்கொண்டு கிடந்தவளுக்கு ஒன்பது. பூரணத்துக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சாதாரணமாக எரியவில்லை, கேண்டீனில் வாங்கின தயிர்சாதத்தைத் தொடாமலே மூடி வைத்துவிட்டாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நன்றாகவே எடுத்துக்கொண்டது. முதல் வாரம் வந்தவர்கள் மெத்தை முன்னால் செருப்பில்லாமல் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அடுத்த வாரம் வந்தவர்கள் அத்தனை கை இருந்தும் பில் போட ஏன் இவ்வளவு நேரம் என்று சண்டை பிடித்தார்கள். பக்கத்துச் சந்தில் ஜாக்கெட் தைக்கிற ரஹ்மத்துல்லா, கைக்கு இவ்வளவு என்று தனி ரேட் போட்டு, வாசலில் பந்தல் போடுகிற அளவுக்கு வளர்ந்தார். வளையல் கடைக்காரர் பெருமாள் கோயிலில் அன்னதானம் செய்தார். டவுன் பஸ் கண்டக்டர்கள், "யம்மா, கையெல்லாம் கட்டிக்கிட்டு நில்லுங்க, மத்தவுகளும் ஏறணும்ல" என்று சொல்லிப் பழகினார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் என்ன படிச்சிருக்கு என்று கேட்டதற்கு அடுத்தபடியாக எத்தனை கை என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் மட்டும் கொஞ்சம் தகராறு வந்தது. கைரேகை வைக்கிற மிஷினில் புதுக்கை எதை வைத்தாலும் அது ஏற்கவில்லை, ஏனென்றால் அந்தக் கைகளில் ரேகையே கிடையாது. ஜோசியர் ஒருவர் கஸ்தூரியின் ஏழு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் பார்க்க ஒன்றும் இல்லையம்மா என்று அனுப்பிவிட்டார்.

புதுக்கைகளுக்கு இன்னொரு குணமும் இருந்தது. எந்த வேலைக்கு முளைத்ததோ அந்த வேலையைத் தவிர வேறொன்றைத் தொடாது. அந்த வேலையை வேறு கையும் தொடவிடாது. நாளாக ஆகப் பிறந்த கை இரண்டுக்கும் கடையில் வேலை இல்லாமல் போயிற்று, மடியில் போட்டது போட்டபடி கிடக்கும், வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதுதான் எழுந்திருக்கும். இதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நடந்தது, முன்னைவிட ஒழுங்காகவே நடந்தது.

பூரணம் மட்டும் ஒழுங்காக இல்லை. படுத்தால் கஸ்தூரியின் கைகள் கண்முன்னால் விசிறி விசிறி வந்தன.

"நாலு பேருக்குத் தண்ணி மோந்து குடுத்ததுக்கெல்லாம் கை முளைக்கும்னா, எதுக்கு நான் இத்தன வருசம் காலை மடக்கி உக்காந்தேன்?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"உனக்கு ஆறு, அவளுக்கு ஒம்பதுன்னா இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? அவ என்ன ஒம்பது வாய்லயா திங்கப்போறா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அவ அந்த மெத்தைக்கு அடி போடுறா."

கஸ்தூரி அடியும் போடவில்லை, பிடியும் போடவில்லை, ஆனால் பூரணம் பயந்தபடியேதான் நடந்தது. கல்யாண வீட்டார் ஃபோட்டோ எடுத்துக்கொள்ள ஒன்பது கை அக்காவைத்தான் கேட்டார்கள். ஆடித் தள்ளுபடி முடிகிற சமயத்தில் முதலாளி மாடிக்கு வந்து, பூரணத்தின் முகத்தைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பூரணம், ஆவணி முகூர்த்தம் தொடங்குது. யாருக்குக் கை அதிகமோ அவங்க மெத்தையில உக்காரட்டும். வர்ற ஜனம் அதைத்தான் விரும்புது. நீ சுடிதார் செக்ஷனைப் பாத்துக்க. அது உனக்கும் கால்வலிக்கு நல்லது."

சுடிதார் செக்ஷன். பூரணத்துக்குக் கால்வலி என்று எவன் சொன்னான்? அவள் அன்றைக்கே மேடத்தைத் தேடிக்கொண்டு போனாள். மேடம் இன்னும் ஊருக்குப் போகவில்லை, தரைத்தளத்தில் வேட்டி செக்ஷனைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் அன்னைக்கு முழுசா சொல்லல. இன்னும் இருக்கு."

"சொல்லுங்க பூரணம்மா, அதுக்குத்தான வந்திருக்கேன்."

"தண்ணி குடுப்பேன்."

"அது கஸ்தூரிகிட்ட போயிருச்சே. ஒரு வேலைக்கு ஒரு ஆள்தான்."

அப்படியா சங்கதி என்று பூரணம் யோசிக்க ஆரம்பித்தாள். தன்னையே ஒரு பட்டுப்புடவையாக நினைத்துக்கொண்டு நூல் நூலாகப் பிரித்தாள். சேலையைக் கையில் எடுத்ததும் ஒருமுறை மோந்து பார்ப்பேன் என்றாள், தரம் அறிதல் என்றார் மேடம், கை முளைத்தது. கண்ணாடியை வெளிச்சத்துக்குத் தக்கபடி சாய்ப்பேன் என்றாள், ஆடி திருப்புதல் என்றார், முளைத்தது. மாமியார் ஒரு கலர் சொல்லி மருமகள் ஒரு கலர் சொன்னால் ரெண்டுக்கும் நடுவில் ஒரு கலரை எடுத்துப் போடுவேன் என்றாள். மேடம் கொஞ்சம் யோசித்து, இணக்கம் காணுதல் என்றார், அதுவும் முளைத்தது. இப்போது இவளுக்கும் ஒன்பது, அவளுக்கும் ஒன்பது. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, அப்படின்னா ஆளுக்கு ஒருநாள் உக்காருங்க என்றார்.

ஆளுக்கு ஒருநாள் என்பதைவிட மொத்தமாகப் போயிருந்தால்கூடத் தேவலை. கஸ்தூரியின் முறை வருகிற நாளில், அவள் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கலகலவென்று பேசிக்கொண்டிருப்பதைச் சுடிதார்களுக்கு நடுவிலிருந்து பூரணம் பார்த்தாள். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த உறையில் தன் உடம்பு பதிந்த குழியில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஒரு கை வேண்டும். ஒன்றே ஒன்று போதும். என்னதான் செய்தேன், இத்தனை வருஷம் அந்த மெத்தையில் இன்னும் என்னதான் செய்தேன் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள், அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதை ஒரு காரியமாகக்கூட அவள் நினைத்ததில்லை. கல்யாண வீட்டார் மெத்தையைச் சுற்றி உட்கார்ந்து, சரிகை கனமில்லை, விலை கூடுதல், அத்தை வீட்டுச் சேலை இதைவிட அகலம் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது, நடுவில் அந்தப் பெண் மட்டும் பேசாமல் இருப்பாள். எல்லாப் பெண்ணும் அல்ல, சில பெண்கள். அந்தச் சில பெண்களில் ஒருத்தியாக இருந்தால், விரித்த பட்டுக்கு அடியில் பூரணத்தின் பிறந்த கை தானாகப் போய் அவள் விரல்களைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வந்துவிடும். யாருக்கு, எதற்கு, எப்போது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வருஷங்கள் கழித்துப் பிள்ளைகளோடு வந்த பெண்கள் சிலர், அக்கா உங்களை மறக்கவே முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள், ஏன் என்று அவர்களும் சொன்னதில்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று அவளுக்குள் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சமயம் பார்த்து மெத்தைப் பக்கமிருந்து கஸ்தூரியின் சிரிப்பு கேட்டது. தயக்கம் ஓடியே போயிற்று.

"பொண்ணோட கையை அமுக்குவேன், மேடம்," என்றாள் பூரணம். "யாருக்கும் தெரியாம."

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு முக்கியமான வேலைய விட்டுட்டீங்க. மணமகளைத் தேற்றுதல்."

அந்தக் கை நெஞ்சுக்குப் பக்கத்தில் முளைத்தது, சின்னப்பிள்ளைக் கை அளவுக்குத்தான் இருந்தது. பூரணத்துக்குப் பத்துக் கை. முதலாளி வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, பூரணம், மெத்தை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். கஸ்தூரி, "நல்லதாப் போச்சுக்கா, எனக்குக் காலு மரத்துப் போகுது" என்று எழுந்து, உறையைத் தட்டிச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால்கூடப் பூரணத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். பறிகொடுத்தவள் வருத்தப்படாவிட்டால் பறித்தவளுக்கு அதில் என்ன ருசி இருக்கிறது.

ஆவணி பிறந்தது, வேன் வேனாக ஜனம் வந்தது. சின்னக்கை தன் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தது. வந்து உட்கார்ந்த அத்தனை பெண்களின் கையையும் அழுத்தியது, சிரித்துக்கொண்டிருந்தவளை அழுத்தியது, ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவளை அழுத்தியது, ஒருநாள் மணப்பெண் என்று நினைத்து அவளுடைய சித்தியை அழுத்தியது. அங்கே ஒரு அக்கா கையை அமுக்கிவிடுவாங்க, அதுக்குத் தனியா காசு கிடையாது என்று பேச்சுப் பரவி, பெண்கள் வந்து உட்கார்ந்ததும் தாங்களே கையை நீட்டினார்கள், சின்னக்கை அழுத்தியது, அவர்கள் தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டுச் சேலையைப் பார்த்தார்கள். பூரணத்தின் பிறந்த கைகள் மடியில் கிடந்தன. பட்டுக்கு அடியில் போகவேண்டும் என்று அவற்றுக்கு இப்போது தோன்றுவதே இல்லை. எதையோ வைத்த இடம் மறந்துபோன மாதிரி அவளுக்கு அவ்வப்போது இருக்கும். கஸ்தூரி அந்தப் பக்கம் போனால் மட்டும் அது மறந்துபோகும், அப்போது அவளைக் கரித்துக்கொட்ட வேண்டிய வேலை வந்துவிடும்.

ஒரு வளர்பிறை நாளில் கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்தது. பெண்ணின் பெயர் தீபலெட்சுமி. கூட்டமே சத்தமாக இருந்தது, அந்தப் பெண் மட்டும் எதிரே விரித்த சேலையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக்கை போய் அழுத்தியது. அந்தப் பெண் திடுக்கிட்டு, தேங்க்ஸ்க்கா என்று சொல்லி, கையை இழுத்துத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். இவள் அந்தச் சில பெண்களில் ஒருத்தி என்று பூரணத்துக்குத் தெரிந்தது, தெரிந்து என்ன செய்ய, அவளிடம் அதற்கு வேறு கை இல்லை.

அப்போது கஸ்தூரி வந்தாள். நீர் வழங்குகிற கை செம்பைப் பிடித்திருந்தது, குழந்தை ஏந்துகிற கையில் யாரோ ஒரு குழந்தை இருந்தது, மற்ற கைகள் அதனதன் வேலையில் இருந்தன. அவள் அந்தப் பெண்ணின் முதுகுப்பக்கம் வந்து நின்றபோது, தொங்கிக்கொண்டிருந்த பிறந்த வலதுகை எழுந்து போய்ப் பெண்ணின் பின்கழுத்தில் உட்கார்ந்தது. தடவவில்லை, தட்டவில்லை, சும்மா இருந்தது. கொஞ்ச நேரத்தில் தீபலெட்சுமியின் தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டே அழுதாள், அழுகைக்கு நடுவில் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா என்று சொன்னாள். அத்தனை சத்தமும் அடங்கிப்போயிற்று. கஸ்தூரி விரித்துக்கிடந்த பட்டைத் தன் பிறந்த கையாலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு, பெண்ணின் அம்மாவைப் பார்த்து, "இன்னைக்கு எடுக்க வேண்டாம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றாள். போய்விட்டார்கள்.

பூரணத்துக்கு அப்போது வந்ததுதான் பொறாமை, அதுவரைக்கும் வந்ததெல்லாம் சும்மா. ஒன்பது கை என்றால் எண்ணலாம், பத்தாவது கையை முளைக்கவைத்து ஜெயிக்கலாம். இதை என்ன செய்து ஜெயிப்பது? அது தன்னிடம் இருந்தது, தன் கைதான் அது, தானே போய் வாயைத் திறந்து கொடுத்துவிட்டு வந்தோம், இவள் மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறாள் பாவி என்று நெஞ்சு பற்றி எரிந்தது.

அதோடு முடிந்திருந்தால் சரி. மறுநாள் தீபலெட்சுமியின் அப்பா இனிப்புப் பெட்டியோடு கடைக்கு வந்து, பிள்ளை மனசு தெரியாம இருந்தோம், உங்க கடையில தெரிஞ்சுது, இனி எங்க வீட்டு எந்த விசேஷத்துக்கும் இங்கதான் எடுப்போம் என்று முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், இது நல்ல வேலையா இருக்கே. இதையும் யாருக்காவது போட்டுருங்க" என்று மேடத்தை மாடிக்கு அழைத்துவந்தார். மாடியே மெத்தையைச் சுற்றிக் கூடிவிட்டது. எப்போதும் ஃபேனைப் பார்க்கிற முதலாளிகூடக் கஸ்தூரியின் தோளைத்தான் பார்த்தார், இப்போது ஒன்று முளைத்தால் அவளுக்கும் பத்து, பழையபடி ஆளுக்கு ஒருநாள்.

"நேத்து அந்தப் பொண்ணு கழுத்துல கை வச்சது யாரு?" என்றார் மேடம். "சொல்லுங்க, பயப்படாதீங்க. என்ன நினைச்சு வச்சீங்க? அப்புறம் என்ன செஞ்சீங்க?"

 எப்போதும் சிரிக்கிற கஸ்தூரி சிரிக்கவில்லை. ஏழு கையும் அங்கேயே நிற்க, பிறந்த வலதுகையை மட்டும் முந்தானைக்குள் இழுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, அதன்மேல் இடதுகையையும் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாள், பொய் சொல்ல அவளுக்கு வராது என்று பூரணத்துக்குத் தெரியும். சொன்னால் அந்தக் கையும் போய்விடும் என்று பூரணத்துக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மாடியில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்காக அவள் வாயைத் திறந்தாள் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. இவளுக்கு இன்னொரு கை முளைக்கக் கூடாது, என் கண்முன்னால் முளைக்கவே கூடாது என்கிற ஒரே எரிச்சலில்தான் திறந்தாள், சத்தியமாகச் சொல்கிறேன்.

"யாரும் வைக்கல மேடம்," என்றாள் பூரணம். "கைதவறிப் பட்டுருச்சு."

"கைதவறியா?"

"ஆமா மேடம். செம்பை மாத்திப் பிடிக்கையில கைதவறிப் பட்டுச்சு. அந்தப் புள்ள ஏற்கெனவே அழுகிறதுக்குத் தயாராத்தான் இருந்துச்சு. நான் எதிர்க்கத்தான உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாதா."

மேடம் யோசித்தார். விடுகிற ஆள் இல்லை அவர், வாங்கினதைத் திருப்பிச் சொல்லியே பழக்கப்பட்டவர். "கைதவறுதல்," என்று சொல்லிப் பார்த்தார். எல்லாரும் கஸ்தூரியின் தோளைப் பார்த்தார்கள், பிறகு பூரணத்தின் தோளைப் பார்த்தார்கள், செருப்பு டோக்கன் ஆள் எதற்கும் இருக்கட்டும் என்று தன் தோளையும் தடவிப் பார்த்துக்கொண்டார். எங்கேயும் ஒன்றும் முளைக்கவில்லை. மேடம் இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது வேலையில சேராது சார் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார். முதலாளியும் இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

கூட்டம் கலைந்தது. பூரணம் யாரையும் பார்க்காமல் உறையின் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஜெயித்தாளா தோற்றாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. மெத்தை அவளிடம்தான் இருந்தது, பத்துக் கையும் அவளிடம்தான் இருந்தன, அவளுக்கு எது வேண்டுமோ அது மட்டும் எதிராளியின் முந்தானைக்குள் இருந்தது.

கஸ்தூரி போகவில்லை. மெத்தையைச் சுற்றிக்கொண்டு அவள் முதுகுப்பக்கம் வந்தாள்.

"எதுக்குக்கா அப்படிச் சொன்னீக?"

"உனக்காக ஒண்ணும் சொல்லல. நீ போ."

"சரிக்கா," என்றாள் கஸ்தூரி.

சரி என்று சொன்னாளே தவிரப் போகவில்லை, முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கையை எடுத்துப் பூரணத்தின் பின்கழுத்தில் வைத்தாள். கொஞ்சம் சூடாக, ஒரு பக்கம் காய்ப்புக் காய்த்து, ரேகையெல்லாம் தட்டுப்படுகிற கை. பூரணத்துக்கு அப்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கையை எடு என்று அவள் சொல்லவில்லை.